ஜோக் அருவியும் நான் கொடுக்காத ஒரு மதிப்பெண்ணும்



இரண்டு வாரமாகப் பதிவு எதுவும் காணோமே, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு அருவியின் உயரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு இது. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

கோயம்புத்தூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியிடமிருந்து தொடங்கியது. பள்ளியில் வினாடி வினாப் போட்டி. முதல் நாள் ராத்திரி போனில் என்னிடம் கேள்வி கேட்டுத் தயார் செய்துகொண்டிருந்தாள். "அம்மாயி, இந்தியாவுலயே உயரமான அருவி எது?" என்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஜோக். கர்நாடகா. ஷராவதி ஆறு" என்றேன். முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்த வாய், தானாக வந்துவிடும்.

அடுத்த நாள் சாயங்காலம் போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது. "அம்மாயி, அதே கேள்வி வந்துச்சு. ஜோக்னு சொன்னேன். தப்புன்னுட்டாங்க. குஞ்சிக்கல்னு ஒண்ணாம். அந்த ஒரு பாயிண்ட்டுலதான் எங்க டீம் தோத்துப் போச்சு."

நான் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. குழந்தையைச் சமாதானப்படுத்தி போனை வைத்தேன். ஆனால் மனசு அடங்கவில்லை. பேத்தி தோற்றது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது 1987ஆம் வருஷத்து விஷயம். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் அருவிக்குப் போவோம்.

ஜோக் அருவி கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் சாகர் பக்கத்தில் இருக்கிறது. ஷராவதி ஆறு ஒரே செங்குத்துப் பாறையிலிருந்து நான்கு பிரிவாக விழுகிறது. ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இதை கெர்சப்பா அருவி என்றார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் ஊரின் பெயர் அது. பழைய புத்தகங்களில் இரண்டு பெயரும் வரும். சில மாணவர்கள் அவை இரண்டு வெவ்வேறு அருவி என்று நினைத்து இரண்டையும் மனப்பாடம் செய்ததும் உண்டு.

இதன் உயரம் எவ்வளவு என்பதில்தான் வேடிக்கை. என் அலமாரியில் இருந்த பழைய பொது அறிவுப் புத்தகங்கள் நான்கை எடுத்துத் தூசி தட்டினேன். ஒன்றில் 830 அடி. இரண்டில் 960 அடி. ஒன்றில் மீட்டரில் 292 என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் 960 அடிதான், வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

எது சரி? 830 அடிதான் சரி, அதாவது 253 மீட்டர். இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1908இல் வந்த இம்பீரியல் கெசட்டியரிலேயே ராஜா பிரிவின் உயரம் 830 அடி என்றுதான் இருக்கிறது. சர்க்கார் புத்தகத்தில் சரியான எண் அத்தனை வருஷமாகப் படுத்திருக்க, ஊரெல்லாம் வேறு எண் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எவ்வளவு பெரிய மனிதர்கள் வரைக்கும் அது நடந்தது என்பதற்கு ஒரு கதை. 1927ஆம் வருஷம் காந்தியடிகள் உடல்நலம் குன்றி நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி ஓய்வெடுத்துவிட்டு, மைசூர் சமஸ்தானத்தில் கதர்ச் சுற்றுப்பயணம் செய்தார். கூட காகா காலேல்கர் இருந்தார். நம்ம ராஜாஜியும் இருந்தார். நம்ம ராஜாஜி என்று உரிமையோடு சொல்கிறேன். அப்போது அவர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம் ஈரோட்டிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். சுற்றுப்பயணம் ஷராவதிப் பக்கம் போனபோது எல்லோருக்கும் கெர்சப்பா பார்க்க ஆசை. காந்தி வரமாட்டேன் என்றார். காகா விடவில்லை. நயாகரா வெறும் 160 சொச்சம் அடி, நம்முடையதோ 900 அடிக்கும் மேலே, உலகத்திலேயே உயரமானது என்று எடுத்துச் சொன்னார். அதற்கு காந்தி, மழைத்தண்ணீர் வானத்திலிருந்து அதைவிட உயரத்திலிருந்து விழுகிறதே என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயும் போகவில்லை. எனக்கு கெர்சப்பா பாபுதான் என்று சொல்லிவிட்டாராம். இதைக் காகாவே பின்னால் எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காந்தியின் குசும்பைத்தான் ரசித்தோம். காகா சொன்ன எண் தப்பு என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. உலகத்திலேயே உயரமானது என்பதும் தப்பு. அதே காலத்தில் வெனிசுவேலா நாட்டுக் காட்டுக்குள் ஏஞ்சல் அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. ஜிம்மி ஏஞ்சல் என்ற விமானி அதன் மேலே பறந்தது 1933இல். 1949இல் ரூத் ராபர்ட்சன் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு படகிலும் கால்நடையிலும் காட்டைத் தாண்டிப் போய் முறையாக அளந்து வந்தார். 979 மீட்டர். அதிலும் ஒரே பாய்ச்சலாக விழுவது 807 மீட்டர்தான்; மிச்சம் கீழே பாறையில் உருண்டு ஓடுவது. அந்த மிச்சத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் சண்டை.

சரி, அருவியின் உயரம் ஏன் இப்படித் தப்பாகிறது? இதில்தான் எனக்கு ஒரு வாரம் போனது. ரொம்ப சுவாரசியமான கணக்கு, பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பள்ளத்தின் ஆழம் பார்க்க எல்லோரும் செய்தது, மேலிருந்து கல்லைப் போட்டு எத்தனை வினாடியில் சத்தம் கேட்கிறது என்று எண்ணுவது. நம் ஊர் தோட்டத்துக் கிணற்றில் நீங்களும் செய்திருப்பீர்கள். வினாடியை அதே எண்ணால் பெருக்கி, அதை 16ஆல் பெருக்கினால் அடிக்கணக்கு வரும். ஜோக்கின் உச்சியிலிருந்து ஒரு கல்லைப் போட்டால் கீழே போய்ச் சேர 7.2 வினாடி ஆகும். ஆனால் கீழே விழுந்த சத்தம் திரும்ப மேலே வந்து சேர இன்னும் முக்கால் வினாடி ஆகுமே! அதைக் கழிக்க மறந்து 7.9 வினாடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1,000 அடி வந்துவிடும். முக்கால் வினாடிக்கு 170 அடி. கிணற்றில் இந்தத் தப்பு தெரியாது. ஆழம் கூடக்கூடத் தப்பும் கூடும். காற்றுத் தடை வேறு இருக்கிறது. அருவியின் இரைச்சலில் கல்லின் சத்தம் கேட்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

960 இப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இப்படியும் வரலாம் என்கிறேன். கயிறு விட்டு அளந்தால் கயிறு நனைந்து நீளும், காற்றில் வளையும். காற்றழுத்தமானியை மேலும் கீழும் வைத்து அளந்தால் சாரலும் வெப்பமும் கெடுக்கும். அதோடு, பார்த்த மனிதன் ஊருக்கு வந்து கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். குறைத்துச் சொல்லி யார் பெருமைப்பட்டிருக்கிறார்கள்!

எண் சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கிருந்து எங்கே வரைக்கும் அளந்தது? நமக்குத் தெரிந்த உதாரணமே சொல்கிறேன். மேட்டூர் அணையின் உயரம் என்ன என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட 120 அடி என்று சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். 120 என்பது தண்ணீர் நிற்கும் மட்டத்தின் முழு அளவு. அணை என்கிற கட்டடத்தின் உயரம் 214 அடி. 1934இல் திறந்த நாள் முதல் அது அங்கேதான் நிற்கிறது, நாம்தான் தினம் பேப்பரில் வரும் தண்ணீர் மட்டத்தை அணையின் தலையில் கட்டிவிட்டோம். நம் பவானிசாகருக்கும் இதே கதைதான். 120 அடியில் சேறும் சகதியுமாக 15 அடியைக் கழித்து 105 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு எண்ணும் புழக்கத்தில் இருப்பதால், டீக்கடையில் இதற்காகச் சண்டை போட்டவர்களை எனக்கே தெரியும்.

இப்போது பேத்தியைத் தோற்கடித்த குஞ்சிக்கல்லுக்கு வருவோம். அதுவும் அதே சிவமொக்கா மாவட்டம்தான், ஆகும்பே பக்கம், வாராஹி ஆறு. உயரம் 455 மீட்டர் என்று பட்டியல்களில் போட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் தெரியும், அது ஒரே வீழ்ச்சி கிடையாது. தண்ணீர் பாறை மேல் படிப்படியாக உருண்டு இறங்குகிறது. மேலே மாணி அணையைக் கட்டித் தண்ணீரை மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டதால் மழைக்காலம் தவிர அங்கே அருவி என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. பாதுகாப்புப் பகுதி என்பதால் நினைத்தபடி போய்ப் பார்க்கவும் முடியாது. யாரும் சரியாகப் பார்க்காத ஒன்று பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது! இறங்குகிற மொத்தத்தையும் கூட்டினால் அது பெரிது. தண்ணீர் பாறையைத் தொடாமல் அந்தரத்தில் விழுகிற உயரத்தைக் கேட்டால் மேகாலயாவில் சிரபுஞ்சி பக்கத்து நோகலிகாய் அருவிதான் முதல், சுமார் 340 மீட்டர். எந்தக் கணக்கிலும் ஜோக் முதலிடம் இல்லை. நான் சொன்னது தப்பு, போட்டி நடத்தியவர்கள் சொன்னது அரைச்சரி. பேத்தியிடம் இதைச் சொன்னேன். "அப்போ எங்களுக்கு அரை பாயிண்ட்டாவது குடுத்திருக்கணும்ல அம்மாயி" என்றாள். பிழைத்துக்கொள்வாள்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது டம்டம் பாறையில் வண்டியை நிறுத்துவோமே, எதிர் மலையில் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? சுற்றுலாவில் உங்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். அதன் உயரம் 975 அடி, 297 மீட்டர். அந்தப் பொது அறிவுப் புத்தகத்தின் தப்பான 960ஐ அப்படியே எடுத்துக்கொண்டாலும் நம் தமிழ்நாட்டு எலிவால் அதைவிடப் பெரிது. அதைக் கையால் காட்டிக்கொண்டே, இந்தியாவில் உயரமானது ஜோக் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எட்டத்திலிருந்து பார்க்கிறோம், அதனால் அது எலியின் வாலாகிவிட்டது.

இதையெல்லாம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் எழுதினேன். நார்வே நாட்டில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன் உடனே, "டீச்சர், இந்த ஊருக்கு வாங்க, இங்க இதே கூத்துதான்" என்று போன் செய்தான். ஒரு மணி நேரம் பேசினோம். அவன் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு நானும் தேடிப் படித்துச் சரிபார்த்தேன்.

நார்வேயில் ரியூக்கன் என்று ஒரு அருவி. ஒரு காலத்தில் உலகத்திலேயே உயரமான அருவி என்று அதைத்தான் நினைத்திருந்தார்களாம். ஓவியர்களும் பயணிகளும் ஐரோப்பா முழுவதிலுமிருந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அதன் உயரம் 104 மீட்டர். நம் ஜோக்கில் பாதிகூட இல்லை! ஆனால் அதன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொன்னபோது நான் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரியூக்கன் என்றால் புகைகிறது என்று பொருளாம். நம் ஒகேனக்கல்லும் அதுதானே! கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல்லு என்றால் கல். புகையும் கல். ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவியை அந்த மக்கள் மோசி ஓ துன்யா, இடிமுழங்கும் புகை என்கிறார்கள். மூன்று கண்டத்து மனிதர்களும் அருவியைப் பார்த்து முதலில் சொன்னது உயரத்தை அல்ல, புகையை. ஒகேனக்கல் இருபது மீட்டர் சொச்சம்தான். காவிரியில் வெள்ளம் பெருகினால் ஐந்தருவியே தெரியாமல் மூழ்கிப் போகும். தண்ணீர் கூடக்கூட உயரம் குறையும் அருவி அது. அதற்கு எந்த எண்ணைப் போடுவது?

அதே நாட்டில் மார்டால் என்கிற பள்ளத்தாக்கில் ஒரு அருவி. பழைய பட்டியல்களில் 655 மீட்டர் என்றிருக்கிறது, இப்போது 705 என்கிறார்கள். மலை வளர்ந்துவிடவில்லை, எங்கிருந்து எங்கே அளப்பது என்பதுதான் மாறியிருக்கிறது. அதன் ஒரே பாய்ச்சல் 297 மீட்டர். நம் எலிவால் எவ்வளவு? அதே 297! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மார்டால் அருவிக்கு 1970இல் ஒரு பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. தண்ணீரை மின்சாரத்துக்குத் திருப்பப் போகிறார்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்னே நேஸ் என்ற தத்துவப் பேராசிரியரையே போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அவர் காந்தியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், அகிம்சை வழிப் போராட்டத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஜோக்கைப் பார்க்கப் போகாத காந்தி, நார்வேயில் ஒரு அருவிக்காக உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். போராட்டம் தோற்றது. இப்போது கோடையில் இரண்டு மாதம் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்களாம். ரியூக்கன் அருவியும் அப்படித்தான், 1911இலேயே அதன் தண்ணீர் வேமோர்க் மின் நிலையத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்காரர்கள் அங்கே கனநீர் தயாரித்ததும், 1943இல் நார்வே வீரர்கள் பனிமலை ஏறிப்போய் அதைத் தகர்த்ததும் தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நம் ஜோக்குக்கும் இதேதான். 1948இல் மின் நிலையம் வந்தது. அதற்கு மகாத்மா காந்தி பெயரையே வைத்தார்கள். 1964இல் லிங்கனமக்கி அணை வந்தது. இப்போது 253 மீட்டர் முழுக்கத் தண்ணீராகப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் நல்ல மழையில் போக வேண்டும். மற்ற நாளில் கறுத்த பாறையில் நான்கு கோடு. இதைக் குறையாகச் சொல்ல நமக்கு வாய் கிடையாது. 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்ததால்தான் கோயம்புத்தூர் மில்களும் நம் தோட்டத்து மோட்டார்களும் ஓடின. என் அப்பா ஏற்றம் இறைப்பதை விட்டது அந்த மின்சாரத்தால்தான். ஊட்டி போகிறவர்கள் பைக்காராவில் பார்க்கும் அருவி 60 மீட்டர்தான். குழாய் வழியாகத் தண்ணீர் மின் நிலையத்துக்கு இறங்கும் உயரமோ 3,000 அடிக்கும் மேலே. அந்தப் பெரிய அருவியை ஒருவரும் படம் பிடிப்பதில்லை.

இப்போது 1987க்கு வருகிறேன்.

காலாண்டுத் தேர்வு, ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல். 'ஜோக் அருவியின் உயரம் ____ அடி' என்று ஒரு கோடிட்ட இடம். நான் எடுத்த கேள்வித்தாள்தான். பொது அறிவுப் புத்தகம் ஒன்றிலிருந்து குறிப்பு எழுதிப் போட்டிருந்தேன், 960. வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் 960 என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் 830. சிவப்பு மையில் அடித்துவிட்டு 960 என்று மேலே எழுதினேன்.

விடைத்தாள் கொடுத்த அன்றைக்கு அவன் எழுந்து, "டீச்சர், எங்கப்பா பாத்துட்டு வந்தாருங்க, 830ன்னு சொன்னாருங்க" என்றான். அப்பா லாரி டிரைவர். இங்கிருந்து மஞ்சள் ஏற்றிக்கொண்டு கர்நாடகா போய், வரும்போது சிவமொக்கா, சாகர் பக்கம் பாக்கு லோடு ஏற்றி வருவார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்த அப்பாவே பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் ஒரு பீடிக்கட்டுக் காகிதம். "டீச்சருங்க, தப்பா நெனைக்காதீங்க. மார்க்குக்காக வரலீங்க. நானே கண்ணுல பாத்தனுங்க. போர்டுல எட்டுநூத்தி முப்பதுன்னு போட்டிருக்குதுங்க. இங்கிலீசு தெரியாது, நம்பரு தெரியுமுங்க. இதுல எழுதிட்டு வந்தேன்" என்று காகிதத்தை நீட்டினார்.

நான் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "போர்டு எழுதறவங்க தப்பா எழுதியிருப்பாங்கங்க. பரீட்சைக்குப் புஸ்தகத்துல இருக்கறதுதான்" என்றேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி, அவ்வளவுதான் என் படிப்பு. அச்சில் வந்தது தப்பாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சிவமொக்காவை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. பார்த்துவிட்டு வந்த ஒரே மனிதர் எதிரில் நின்றார். "செரிங்க டீச்சர், நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

எண் தப்பு என்று தெரிந்த அன்றைக்கே அந்தப் பையனைத் தேட ஆரம்பித்தேன். உங்களில் மூன்று பேரிடம் விசாரித்தேன், ஏன் எதற்கு என்று சொல்லவில்லை, மன்னிக்கவும். சங்ககிரியில் இருக்கிறான். சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். அவன் பெயரைப் போட அனுமதி கேட்கவில்லை, அதனால் போடவில்லை. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குப் பரீட்சை, மதிப்பெண் எதுவும் ஞாபகமில்லை. "அப்பா ஸ்கூலுக்கு வந்தது மட்டும் ஞாபகம் இருக்குதுங்க டீச்சர்" என்றான். அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

பிறகு அவன் சொன்னது இது. அவன் அப்பாவுக்குப் போகிற வழியெல்லாம் போர்டில் என்ன எண் இருந்தாலும் எழுதிக்கொண்டு வரும் பழக்கமாம். பாலத்தின் நீளம், கணவாயின் உயரம், அணையின் அடி, ஊருக்கு ஊர் கிலோமீட்டர். பிள்ளைகளுக்குப் படிப்புக்கு ஆகும் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாராம். நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது என்றான். அன்று ராத்திரியே ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான்.

கோணல்மாணலான எழுத்து. ஏழாவது வரியில் 'ஜோக் அருவி 830 அடி' என்று நீல மையில் இருக்கிறது. அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் வேறு மையில் '960' என்று எழுதியிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்ககிரி போகிறேன். நோட்டைக் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். பேத்தியும் கூட வருகிறேன் என்கிறாள்.